தேறுதல்

ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு வெங்காய மண்டித் தராசில் ஏறி நிற்பது பார்ப்பவர்களுக்கு அபத்தமாகத்தான் இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடும் 30 கிலோமீட்டர்ச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. கூச்சம் பாராமல் ஏறி நிற்க அங்கே வேறு தராசு கிடைக்கவில்லை. 2024 செப்டம்பர் மாதம். நாயும் நானும் சேர்ந்து 75.3 கிலோ. நாயை இறக்கிவிட்டு நான் மட்டும் நின்றேன்: 64.1. மண்டிக்காரர் சிட்டை நோட்டின் பின்பக்கத்தில் கழித்துப் பார்த்துவிட்டு, 'கால் மூட்டைகூட வரலியே சார்' என்றார். 11.2 கிலோ.

நாய் என்னுடையது இல்லை. எதிர் வீட்டுக்காரர்கள் அந்த ஆடியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் போனார்கள். மானாவாரிப் பருத்தி இரண்டு வருஷம் ஏமாற்றியிருந்தது. புருஷன், பெண்சாதி இருவருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. பையனுக்கு அங்கேயே பள்ளிக்கூடம். போய்ச் சேர்ந்த லைன் வீட்டில் ஒரே அறை. நாய் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பஸ் ஏறப் புறப்படும்போது அந்தப் பெண் தெருவைப் பார்த்துப் பொதுவாக, 'டைகரைக் கொஞ்சம் பாத்துக்குங்க' என்றாள். பொதுவாகச் சொன்னதை நாங்களும் பொதுவாகவே கேட்டுக்கொண்டோம். அடுத்த வீட்டுக்காரர் சோறு வைப்பார் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் இருந்துவிட்டார்கள். நானும்தான். ஏழு வாரம் போயிற்று.

நகரத்துக்காரருக்கு வீட்டு நாய், தெரு நாய் என்று இரண்டே சாதி. 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22-ல் அந்த உத்தரவைத் திருத்தியது. அந்த நாட்களில் பத்திரிகைகளில் நடந்த சண்டையை வாசிக்கும்போது எங்கள் ஊர் நாய்கள் எந்தச் சாதியில் சேரும் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் நாய்களுக்கு வீடு உண்டு, கயிறு கிடையாது. பெயர் உண்டு, தட்டு கிடையாது. சாப்பிட்ட கையைக் கழுவ வாசலுக்கு வருகிறவர் கடைசிக் கவளத்தை ஓரமாகப் போட்டுவிட்டுப் போவார். அவ்வளவுதான் ஒப்பந்தம். வீடு பூட்டப்பட்டால் ஒப்பந்தமும் பூட்டப்படுகிறது. ஆனால் நாய்க்கு அது தெரிவதில்லை. டைகர் அந்தத் திண்ணையை விட்டு நகரவில்லை. இரவில் எங்கோ போய் எதையோ மேய்ந்துவிட்டு விடிவதற்குள் பூட்டின கதவுக்கு முன்னால் வந்து சுருண்டு கிடக்கும்.

நான் அதைப் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கங்களை வாசிக்கிற நமக்கு மெலிவு ஒரு மதிப்புச் சொல். ஒரு கவிதையைப் பாராட்ட நினைத்தால் சதை இல்லை, இறுக்கம், எலும்பு தெரிகிறது என்றெல்லாம் எழுதுவோம். நானே எழுதியிருக்கிறேன். ஒரு காலை, காப்பி டம்ளரோடு வாசலில் நின்றபோது திண்ணையில் கிடந்த நாய் எழுந்து உடம்பை நெளித்தது. விலா எலும்புகள் பதின்மூன்றையும் எண்ண முடிந்தது. இடுப்பு எலும்பு இரண்டும் தோலுக்குள் நட்டுவைத்த முளைக்குச்சிகள்போல நின்றன. முதுகில் கைப்பிடி அளவுக்கு இரண்டு இடத்தில் மயிரே இல்லை. சாம்பல் நிறத்தில் தடித்த தோல். காது மடல் ஓரத்தில் பொருக்கு. காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றதும் உண்மை. சிக்கனம், இறுக்கம் என்ற வார்த்தைகளை அதன் பிறகு சில மாதம் நான் எழுதவில்லை. பெரிய தீர்மானமெல்லாம் எடுக்கவில்லை. கை வரவில்லை.

முதலில் செய்தது தப்பு. அன்றைக்குப் பக்கத்துத் தெருவில் காதுகுத்து. மிஞ்சிய பிரியாணியும் குழம்பும் ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து திண்ணையில் கவிழ்த்தேன். இரண்டு நிமிஷத்தில் தரை துடைத்தாற்போல ஆயிற்று. மனசுக்கு நிறைவாக இருந்தது. ராத்திரி முழுக்க வாந்தியும் கழிச்சலும். விடிகாலையில் நாய் தலையைத் தூக்கவில்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு, 'பட்டினி கெடந்த வயித்துல பந்தி வெச்சியா? கஞ்சித் தண்ணிதாண்டா மொதல்ல' என்றாள். பஞ்ச காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். அவளுக்கு இது பாடம் இல்லை, பழக்கம்.

அவளுக்குப் பழக்கமாகத் தெரிந்ததை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டது. 1945-ல் ஜெர்மானிய வதை முகாம்களிலிருந்தும் ஜப்பானியர் வைத்திருந்த போர்க் கைதி முகாம்களிலிருந்தும் மீட்கப்பட்டவர்களில் பலர் விடுதலையான பிறகு, வயிறாரச் சாப்பிட்டதனாலேயே செத்தார்கள். நெடும் பட்டினியில் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் தின்று காலம் தள்ளுகிறது. திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் சுரக்கிறது. அது ரத்தத்தில் மிச்சம் மீதி இருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ள, இதயம் தடுமாறிப்போகிறது. பட்டினி கிடந்தவர்களை எப்படி மீட்பது என்று அறிய 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டுப் பார்த்தார். அவர்கள் தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். இதையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். படித்தது கையில் தூக்குப் பாத்திரம் இருந்தபோது ஞாபகத்துக்கு வரவில்லை. கொடுக்கிறவனின் அவசரம் அப்படி. என் ஏழு வாரத்து அசட்டையை ஒரே வேளையில் தீர்த்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன்.

கால்நடை மருத்துவர் இளைஞர். நாயின் உதட்டை மடக்கி ஈற்றைக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெள்ளைத் துணிபோல இருந்தது. சாணத்தைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்: கொக்கிப்புழு முட்டைகள். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிற புழு. காது ஓரத்துத் தோலைப் பிளேடால் லேசாகச் சுரண்டி எண்ணெயில் வைத்துப் பார்த்தார்: சொறிப் பூச்சி. தோலுக்குள் குடைந்து முட்டையிடுகிற, கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் ஜந்து. 'சார், நீங்க போடுற சோத்துல பாதிய இதுங்கதான் திங்குது. மொதல்ல இதுங்களுக்குச் சோத்த நிறுத்தணும்' என்றார். புழுவுக்கு மாத்திரை, மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை, ஏனென்றால் குடலில் இருப்பது செத்தாலும் திசுக்களில் ஒளிந்திருக்கும் இளம்புழு இறங்கி வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியையும் போட்டுவிடலாம் என்றார். உடம்பு கொஞ்சம் தேறட்டும், அடுத்த மாதம் போடலாம் என்று தானே ஒத்திப் போட்டார்.

சொறிக்கு ஐவர்மெக்டின். ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரில் தொடங்கிய மருந்து. அவருக்கும் வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் 2015-ல் நோபல் பரிசைப் பகிர்ந்து தந்தது. ஆனால் எடை தெரியாமல் ஊசியைத் தொட மாட்டேன் என்றார் மருத்துவர். கோலி போன்ற மேய்ச்சல் நாய் இனங்கள் சிலவற்றில் ஒரு மரபணுக் குறை உண்டு. அவற்றுக்கு இந்த மருந்து மூளைக்குள் ஏறி உயிரையே வாங்கிவிடும். நம்மூர் நாய்க்கு அந்தப் பயம் குறைவு; என்றாலும் அளவு அளவுதான். வெங்காய மண்டித் தராசுக்குப் போனது அதனால்தான். முதுகில் பிசுபிசுப்பாகக் கறுத்திருந்ததைக் காட்டி இது என்ன என்று கேட்டார். லாரி ஷெட் பையன்கள் சொறிக்கு நல்லது என்று கழிவு ஆயிலை ஊற்றியிருந்தார்கள். அவர்கள் ஊற்றியது வன்மத்தில் இல்லை. எங்கள் பக்கத்தில் அதுதான் வைத்தியம். பூச்சி சாகிறதோ இல்லையோ, நக்குகிற நாயின் ஈரல் கெடும். நான் பார்த்துக்கொண்டு மட்டும் நின்ற ஏழு வாரத்தில் அவர்கள் ஏதோ ஒன்றைச் செய்திருக்கிறார்கள் என்பதும் மனசில் பட்டது.

பத்து நாளில் என் முன்கையிலும் சிவப்புத் தடிப்புகள் வந்தன. நாய்ச் சொறிப் பூச்சி மனிதத் தோலில் குடித்தனம் நடத்தாது, நாய்க்குச் சரியானால் உங்களுக்கும் போய்விடும் என்றார் மருத்துவர். போயிற்று. ஆனால் அந்த இரண்டு வாரம் ராத்திரியில் சொறிந்துகொண்டு படுத்திருக்கும்போது எதிர்த் திண்ணையிலிருந்தும் அதே சத்தம் வந்துகொண்டிருந்தது. நமைச்சலில் தூக்கம் போகிற உடம்பு எவ்வளவு தின்றாலும் சதை பிடிக்காது என்று அப்போது புரிந்தது.

இனிச் சாப்பாடு. எவ்வளவு வைப்பது? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த மாக்ஸ் க்ளைபர் 1932-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த கணக்கு. எலியிலிருந்து யானை வரை உடம்பு எரிக்கிற சக்தி எடைக்குச் சமமாகக் கூடுவதில்லை, எடையின் முக்கால் அடுக்காகத்தான் கூடுகிறது. நாய் 16 கிலோ என்று வைத்துக்கொண்டால்: 16-ஐ மூன்றுமுறை வைத்துப் பெருக்கினால் 4096. அதன் வர்க்கமூலம் 64. அதற்கும் வர்க்கமூலம் 8. 8-ஐ 70-ஆல் பெருக்கினால் 560. சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு 560 கலோரி. ஓடியாடித் திரிய அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். 11.2 கிலோவுக்கு இது ஏறக்குறைய 430. முதல் நான்கு நாள் அதையும் முழுசாக வைக்காமல், வைத்ததையும் நான்கு வேளையாகப் பிரித்து வைத்தேன். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி மூன்று வாரத்தில் 900-க்குக் கொண்டுவந்தேன். குழைந்த சோறு, அவித்த முட்டை, கோழிக்கடையில் வாங்கிய ஈரல், ஒரு கரண்டித் தயிர். வெந்த எலும்பு கூடாது. உடைந்தால் ஊசியாகிக் குடலைக் கிழிக்கும். பச்சை முட்டையும் வேண்டாம். வெள்ளைக் கருவில் இருக்கும் ஒரு புரதம் பயோட்டினைக் கட்டிப்போட்டுவிடும், மயிருக்கு வேண்டிய சத்து அது.

வெங்காயம் கூடவே கூடாது. இதைத்தான் ஊரில் யாரும் நம்பவில்லை. செட்டிகுளம் வட்டாரத்துச் சின்ன வெங்காயத்துக்குப் பெயர்போன மாவட்டம் இது; மழைக்காலத்தில் வயல் வரப்பெல்லாம் அதே வாசனை. பச்சையாகவோ வெந்ததாகவோ நாயின் வயிற்றுக்குள் போனால் சிவப்பணுக்களை உடைத்து ரத்தத்தைத் தண்ணீராக்கும். ஏற்கெனவே புழு குடித்து வெளுத்த நாய்க்குக் குழம்புச் சோறு என்பது விஷம் கலந்த விருந்து. அம்மா ஒப்பவில்லை. 'வெங்காயமில்லாத கொழம்ப மனுஷன் திம்பானா?' 'அது மனுஷன் இல்லம்மா.' 'அதத்தான் நானும் சொல்றேன்' என்றாள். எதைச் சொன்னாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

விளங்கியது முட்டை விஷயத்தில். நாளுக்கு இரண்டு முட்டை. மூன்றாம் வாரம் அம்மா அடுப்படியில் நின்றபடியே, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: 'எங்க வூட்டுல முட்டைங்கிறது காச்ச வந்து எந்திரிச்சவங்களுக்கு. ஆறு பேருக்கு ஒண்ண அவிச்சு நூலால அறுத்துத் தருவா எங்காயா.' குற்றம் சாட்டவில்லை. கணக்குச் சொன்னாள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார், பிற்பாடு அதில் முட்டையும் சேர்ந்தது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குப் பிசகாமல் கிடைத்த முட்டை அது ஒன்றுதான். எங்கள் கரிசலில் பருத்தியோடு இப்போது மக்காச்சோளமும் விளைகிறது. அது நாமக்கல் கோழிகளுக்குத் தீவனமாகப் போகிறது. கோழி முட்டையாகத் திரும்பி வருகிறது. எதிர் வீட்டுக்காரரும் இரண்டு போகம் சோளம் போட்டவர்தான். அவர் வீட்டில் நாளுக்கு இரண்டு முட்டை அவித்திருப்பார்களா? அவர் நாய்க்கு நான் அவித்துக்கொண்டிருந்தேன். இந்த யோசனை வந்த பிறகும் நிறுத்தவில்லை. நிறுத்துவதில் நியாயம் இருந்திருக்குமா என்பதும் தெரியவில்லை. நாயின் ஈறு சிவந்துகொண்டு வந்தது.

மயிர் மெதுவாகத்தான் வந்தது. நாய் தின்கிற புரதத்தில் கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேலே, தோலுக்கும் மயிருக்குமே போய்விடும் என்றார் மருத்துவர். மயிர் என்பதே முக்கால்வாசிக்கு மேல் புரதம்தான். உடம்பு அதைக் கடைசிச் செலவாகத்தான் வைத்திருக்கிறது. இதயம், ஈரல், தசை எல்லாவற்றின் கடனும் அடைந்த பிறகே வெளிப்பூச்சுக்குக் காசு ஒதுக்கும். எண்ணெய் தேய்த்து மினுக்குவது வேறு, உள்ளிருந்து மினுமினுப்பது வேறு. அதற்குக் கொழுப்பு வேண்டும். தினம் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் சோற்றில். சனிக்கிழமைகளில் பெரம்பலூரிலிருந்து ஐஸில் வரும் மத்தி, முள்ளோடு குழைய வேகவைத்து. கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே கிடக்கிற ஊரில் மீன் வாங்கிக்கொண்டு நடக்கும்போது ஒன்று தோன்றும். இந்த நிலமே கடலாக இருந்ததுதான். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக் கல்லில் கல்லங்குறிச்சிப் பக்கம் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. ஏழு கோடி வருஷத்துக்கு முந்தைய கடலின் அடிவண்டல். அந்தக் கல்லை ஏற்றிப்போகும் லாரிகளின் தூசிதான் எங்கள் வேப்பிலையின்மேலும் கொடியில் காயும் வேட்டியின்மேலும் நாயின் முதுகின்மேலும் படிகிறது.

அந்தத் தூசியால் டைகரின் நிறம் சாம்பல் என்றே நினைத்திருந்தேன். மருந்து போட்டுக் குளிப்பாட்டியபோது ஓடிய தண்ணீர் சுண்ணாம்புப் பால்போல இருந்தது. அப்போதும் நிறம் தெரியவில்லை, பழைய மயிர் வெளிறிக் கிடந்தது. அது கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஐப்பசி மழையில் பயந்தேபோனேன். கார்த்திகையில் சொட்டை விழுந்த இடங்களில் பனிப்பூண்டுபோலப் பொடிமயிர் முளைத்தது. மார்கழி முதல் வாரம் வெயிலில் படுத்திருந்தபோது பார்த்தேன்: செம்பட்டை. நல்ல செம்மண் நிறம். முதுகுத் தண்டின்மேல் மட்டும் கொஞ்சம் கறுப்போடியிருந்தது. இரண்டு வருஷமாக எதிர் வீட்டில் இருக்கும் நாயின் நிறத்தை முதல் தடவையாக அன்றுதான் பார்க்கிறேன்.

தராசுக்கு மாதம் ஒரு தடவை. அக்டோபரில் 12.6. நவம்பரில் 14.1. டிசம்பர் கடைசியில் 15.6. மண்டிக்காரர் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பத்தியே போட்டு வைத்திருந்தார். வெங்காயம் விற்க வந்தவர்கள் எடை கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கோ இன்னும் திருப்தியில்லை. ஓடும்போது பின்பக்கத்து மூன்று விலா தெரிந்தது. 18 ஆக்கிவிட வேண்டும் என்றேன். மருத்துவர் என் கையைப் பிடித்து முஷ்டி மடக்கச் சொன்னார். 'முட்டி எலும்பைத் தடவிப் பாருங்க சார். விலா இப்படி இருந்தா நோஞ்சான். இப்ப கைய விரிச்சு புறங்கையைத் தடவுங்க. எலும்பு தெரியுது, குத்தல. இப்படி இருந்தா சரி. உள்ளங்கை மாதிரி இருந்தா கொழுப்பு.' பிறகு நாயின் விலாவில் என் கையை வைத்தார். புறங்கைதான். 'இதுல எங்கயோ சிப்பிப்பாறை ரத்தம் ஓடுது. ஒடுங்கின வயிறு, நீளக் காலு. ஓடுற சாதி, இதுக்கு விலா கொஞ்சம் தெரியத்தான் செய்யும். இதுக்கு மேல ஏத்துனா அது உங்க ஆசை சார், நாயோட தேவையில்ல.'

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாய்களைப் பட்டியல் போடுகிறோம். ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால் தலைகூட வெளியிட்டார்கள். அந்த மெலிந்த வடிவம் வறுமை இல்லை. முயலைத் துரத்துவதற்கென்று தலைமுறை தலைமுறையாகச் செதுக்கிய வடிவம். அதையும் பட்டினியையும் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. கையால் தொட்டால்தான் தெரியும். நான் முதலில் பட்டினியை வடிவம் என்று பார்த்தேன், பிறகு வடிவத்தைப் பட்டினி என்று பார்த்தேன். இரண்டு தடவையும் தொடாமல் பார்த்திருக்கிறேன்.

போகிக்கு முந்தின நாள் ராத்திரி பஸ்ஸில் எதிர் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பொங்கலும் கொண்டாடணும், ரேஷனில் பொங்கல் பரிசு அரிசியும் சர்க்கரையும் கரும்பும் வாங்கணும். காலையில் பையன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். நாய் அவன் மடியில் தலையை வைத்து ஒரு மாதிரி அழுகைச் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தது. நாலு மாதத்தில் எனக்கு ஒரு தடவைகூடச் செய்யாத சத்தம். அதை நான் எதிர்பார்த்தே இருந்தேன். எதிர்பாராதது வேறு. தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம் நின்று அந்தப் பெண்ணிடம், 'சார் கையில டைகரு எப்படித் தேறிட்டான் பாத்தியா' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்தாள். மத்தியானம் குடத்தோடு குழாயடிக்குப் போகும்போது என் வாசலில் நின்றாள். என்னைப் பார்க்காமல் நாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

'நாங்க சாப்பிட்டதத்தாங்க அதுவும் சாப்புட்டுச்சு.'

பதில் ஒன்றும் வரவில்லை. சொல்வதற்கு என்ன இருந்தது? தேறுதல் என்றால் நோயிலிருந்து எழுவது. பரீட்சையில் தேறுவதும் அதே சொல்தான். பரீட்சை என்று வந்துவிட்டால் ஒருவன் தேறியதாகச் சொல்லும்போதே தேறாத இன்னொருவர் பெயரும் பலகையில் ஏறிவிடுகிறது. 11.2, 12.6, 14.1, 15.6. மண்டிக்காரர் நோட்டில் நான் எழுதி வைத்தது நாயின் வளர்ச்சி என்று நினைத்திருந்தேன். அந்தத் தெருவில் அதை எல்லோரும் அந்த வீட்டின் சோற்றுப்பானைக் கணக்காக வாசித்திருக்கிறார்கள். அவளும் அப்படித்தான் வாசித்தாள். புழு, பூச்சி, மருந்து என்று ஆரம்பித்து அவளுக்கு விளக்கிச் சொல்லலாமா என்று நினைத்தேன். புழு குடித்தது பாதி என்றால் மீதிப் பாதி? அதோடு, ஏழு வாரம் நான் காப்பி குடித்தபடி பார்த்திருந்தது எந்த நோட்டிலும் ஏறவில்லை. எனக்குக் கிடைத்த நல்ல பெயர் அந்த ஏழு வாரத்தைக் கழிக்காமல் போட்ட கணக்கு.

நாலு நாளும் நாய் அங்கேதான் சாப்பிட்டது. மாட்டுப்பொங்கலுக்குக் கறி எடுத்தார்கள். குழம்பில் வெங்காயம் இருந்திருக்கும். எழுந்துபோய்ச் சொல்ல வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். விழுங்கியது சரியா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவர்கள் புறப்பட்டார்கள். பையன் பஸ் நிறுத்தம் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான் என்று அம்மா சொன்னாள், நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து வந்தபோது எங்கள் திண்ணையில் ஒரு துணிப்பை இருந்தது. 'எவ்வளவோ சொன்னேன், கேக்கல. நாய்க்குன்னு குடுத்துட்டுப் போறா' என்றாள் அம்மா. பையில் ரேஷன் குண்டரிசி. 2011-லிருந்து காசில்லாமல் தருகிற அரிசிதான். ஆனால் அது திருப்பூருக்குப் போய் உலை ஏற வேண்டியது, அங்கே அரிசி காசுக்கு. மண்டிக்காரரிடம் போகாமலே தெரிந்தது: இரண்டு கிலோ இருக்கும்.

அன்றும் மறுநாளும் டைகர் பூட்டின கதவைவிட்டு நகரவில்லை. நான் வைத்த தட்டை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் அந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துக் குழைய வடித்தேன். முட்டை போடவில்லை. எங்கள் வாசலில் வைக்காமல் எதிர்த் திண்ணையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நாயைத் தராசுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. மாதம் ஒருமுறை விலாவில் கையை வைத்துப் பார்ப்பதோடு சரி. முட்டையும் எண்ணெயும் மறுபடி சேர்த்தேன், சோறு மட்டும் அந்தப் பையிலிருந்து. இரண்டு கிலோ அரிசி பதினாறு நாள் வந்தது.